மணல் வளவில் மண்புழுப் பெட்டி

கேள்வி: களுவாஞ்சிகுடியில் எங்கள் வளவு முழுக்கக் கடற்கரை மணல். கத்தரி, மிளகாய், பயற்றை வைத்திருக்கிறேன். யூரியாப் பசளை போட்டாலும் கொஞ்ச நாளில் இலை மஞ்சளாகிவிடுகிறது. வீட்டில் மண்புழுப் பெட்டி வைத்தால் பலன் உண்டா? இந்த வெக்கைக்குப் புழு தாங்குமா?

பதில்: கட்டாயம் வையுங்கள். உங்களுடையது போன்ற மணல் வளவுக்குத்தான் அது அதிகம் உதவும். நீங்கள் போடும் யூரியா குறைவென்று நான் நினைக்கவில்லை. மணலில் அதைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. தண்ணீர் ஊற்ற ஊற்ற, கரைந்த தழைச்சத்து வேரைத் தாண்டிக் கீழே இறங்கி, கடைசியில் குடிக்கிற கிணற்றில் போய்ச் சேருகிறது. மண்புழு உரம் ஈரத்தையும் சத்தையும் வேரடியில் பிடித்து வைக்கும். போடுகிற பசளையும் வீணாகாது.

அதற்காகப் பசளையை இன்றே விட்டுவிடுங்கள் என்று சொல்லமாட்டேன். யூரியாவில் தழைச்சத்து 46 வீதம்; மண்புழு உரத்தில் பெரும்பாலும் 1 முதல் 2 வீதம்தான். 2021 இல் இலங்கை அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியபோது வயல்காரர் பட்ட பாடு நமக்குத் தெரியும். வீட்டுப் பெட்டி வயலுக்குக் காணாது, மரக்கறிப் பாத்திக்குக் காணும். மண்புழு உரத்தையும் மேலே தூவி வீணாக்காமல், கன்று நடும் குழியில் இரண்டு கைப்பிடி போட்டு மணலோடு கலந்து விடுங்கள்.

வெக்கைதான் உண்மையான பிரச்சினை. கச்சான் என்ற வெக்கைக் காற்று வீசும் மாதங்களில் பெட்டிக்குள் 35 பாகை தாண்டினால் புழு செத்துவிடும். மீன் கொண்டுவரும் பழைய றெஜிபோம் பெட்டி இதற்கு நல்லது, சூட்டை உள்ளே விடாது. உப்புப் போகக் கழுவி, அடியில் துளை போட்டு, மரநிழலில் கல்லின் மேல் வையுங்கள். அடியில் ஊறவைத்து அலசிய தும்புத்தூள், அதன்மேல் பாதி மக்கிய மாட்டெரு. பச்சைச் சாணி வேண்டாம், அது மக்கும்போது வரும் சூடே புழுவைக் கொன்றுவிடும். மேலே ஈரச் சாக்கு. உள்ளிருப்பதை ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரவேண்டும். ஒழுகினால் தண்ணீர் கூடிவிட்டது.

தோட்டத்தைக் கொத்தி எடுக்கும் புழு பெட்டியில் நிலைக்காது. மாட்டெருக் குவியலில் நெளியும் சிவப்புப் புழுதான் வேண்டும். ஏற்கனவே வளர்ப்பவரிடம் ஒரு பிடி கேட்டு வாங்குங்கள். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் விசாரித்தால் ஆள் காட்டுவார்.

மரக்கறித் தோல், வாழைப்பழத் தோல், தேயிலைச் சக்கை, நொறுக்கிய முட்டைக்கோது எல்லாம் போடலாம். மீன் கழிவு, உப்புக் கறி, தேசிக்காய்த் தோல் கூடாது. பிழிந்த தேங்காய்ப்பூவும் வேண்டாம். அதன் எண்ணெய்க்கு எறும்பு படையெடுக்கும். எறும்புத் தொல்லை இருந்தால் கல்லுக்குப் பதிலாக நாலு கால் பலகையில் பெட்டியை வைத்து, கால்களைத் தண்ணீர்ச் சிரட்டைகளில் நிறுத்துங்கள்.

இரண்டு மாதமளவில் அடியில் இருப்பது தேயிலைத்தூள் போலக் கறுத்து, நாற்றமில்லாமல் இருக்கும். சாக்கில் கூம்பாகக் குவித்து வெளிச்சத்தில் சற்று விடுங்கள். புழு கீழே இறங்கிவிடும், மேலிருப்பதை வழித்தெடுக்கலாம். சிறு மஞ்சள் மணிகள் கண்ணில் பட்டால் எறிந்துவிடாதீர்கள், அவை புழுவின் முட்டைக் கூடுகள். பெட்டிக்கே திருப்பிப் போடுங்கள். மாரி தொடங்குமுன் பெட்டியைத் தாழ்வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள், வெள்ளம் நின்றால் புழு மூச்சுமுட்டிச் செத்துவிடும்.