லாண்ட்வாசர் பாலம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

செங்கோட்டை–புனலூர் ரயில் பாதையின் பதிமூன்று கண் பாலத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். உங்கள் சுவிட்சர்லாந்து பயணக் குறிப்பில் லாண்ட்வாசர் ரயில் பாலத்தை நாலு வரியில் முடித்துவிட்டீர்கள். 1902இல் இரும்புப் பாலங்கள் எங்கும் வந்துவிட்டனவே, ஏன் கல்லில் கட்டினார்கள்? அதுவும் ஏன் வளைத்து?

கே., தென்காசி

அன்புள்ள கே.,

அந்தப் பாலத்தில் இரும்பும் இருக்கிறது, கல்லுக்குள்ளே.

லாண்ட்வாசர் மலையாறு. வெள்ளம் வந்தால் ஆற்றுக்குள் கட்டிய சாரம் நிற்காது. பாலமோ 65 மீட்டர் உயரம். ஆகவே மூன்று பெரிய தூண்களைச் சாரமே இல்லாமல் எழுப்பினார்கள். தூண் வரவேண்டிய இடத்தின் நடுவில் ஓர் இரும்புக் கோபுரம், அதன் உச்சியில் கிரேன். கிரேன் கல்லைத் தூக்கிக் கொடுக்கக் கொடுக்க, கொத்தனார்கள் கோபுரத்தைச் சுற்றியே கட்டிக்கொண்டு மேலே போனார்கள். கோபுரம் அப்படியே கல்லுக்குள் அடங்கிவிட்டது. பாலத்தின் ஆறு கண்ணும் தலா 20 மீட்டர் அகலம். கட்டிய கல் அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல்தான். ரயிலே எட்டாத மலைக்குப் பாலம் முழுவதற்குமான இரும்பை எப்படிக் கொண்டுவருவது?

வளைவுக்குக் காரணம் எதிர்க்கரை. அங்கே செங்குத்தான பாறை. பாலம் முடிகிற இடத்திலேயே சுரங்கம் தொடங்குகிறது. பள்ளத்தாக்கின் சரிவை ஒட்டி வரும் பாதை அதற்குள் நுழைய வேண்டுமானால் திரும்பித்தான் ஆகவேண்டும். 100 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது. தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளியே உள்ள மீட்டர் கேஜ் பாதை என்பதால் அது முடிந்தது. உங்கள் பதிமூன்று கண் பாலத்திலும் நெடுங்காலம் மீட்டர் கேஜ் வண்டிதானே ஓடியது! திரும்பிக்கொண்டே 100 மீட்டருக்கு 2 மீட்டர் ஏறவும் செய்கிறது. கட்டிய பொறியாளர்கள் மேல் எனக்குப் பெரும் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான்.

நான் கடைசிப் பெட்டியில் இருந்தேன். என் பெட்டி பாலத்தைத் தொடும் முன்பே சிவப்பு எஞ்சின் பாறைக்குள் போய்விட்டது. ஒவ்வொரு பெட்டியாகப் பாறை விழுங்குவதை ஜன்னலில் சாய்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

போனால் ரயிலோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பக்கத்து ஸ்டேஷனான ஃபிலிசூரில் இறங்கி ஆற்றுக்கு நடந்து போங்கள். தூணின் அடியில் நின்று கல்லில் உள்ளங்கையை வைத்திருந்தேன். தலைக்கு மேலே ஒரு வண்டி கடந்தது. கைக்கு ஒன்றும் தெரியவில்லை. வளைவில் சக்கரம் கிறீச்சிடுவது மட்டும் ஆற்றுச் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது.

அன்புடன்