விமான டிக்கெட்டில் வரி எவ்வளவு, விலை எவ்வளவு?

தேவகோட்டை வாசகி ஒருவர் கேட்கிறார்: “14 வயதுப் பேரனுடன் லண்டனிலுள்ள மகள் வீட்டுக்குப் போய்வரத் திருச்சியிலிருந்து இரண்டு டிக்கெட்டுகள் பார்த்திருக்கிறேன். ஒன்றில் அடிப்படைக் கட்டணம் குறைவு, ‘வரிகள், கூடுதல் கட்டணங்கள்’ அதிகம், மற்றதில் நேர்மாறு. மொத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். எதை வாங்குவது?”

ஆச்சி அவர்களுக்கு, மொத்தம் ஒன்றாக இருந்தாலும், பயணம் தடைப்பட்டால் கைக்குத் திரும்பும் தொகை இரண்டிலும் ஒன்றாக இராது. பணம் கட்டுமுன் கட்டண விவரத்தை முழுமையாகக் கேட்டு வாங்குங்கள். அதில் ஒய்க்யூ, ஒய்ஆர் என்ற குறியீடுகளுக்கு எதிரே நிற்கும் தொகை அரசுக்கோ விமான நிலையத்துக்கோ போவதில்லை. எரிபொருள் முதலியவற்றின் பெயரால் விமான நிறுவனமே விதித்துத் தானே வைத்துக்கொள்ளும் பணம் அது. அடிக்கடி பறப்பவர்களுக்கு நிறுவனம் தரும் மைல் புள்ளிகளைக் கொடுத்துப் பெறும் டிக்கெட்டுகளிலும் பல நிறுவனங்கள் இதைத் தனியே வசூலிக்கின்றன.

2016 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த இந்திய விதிப்படி, சலுகை டிக்கெட்டே ஆனாலும், பயணம் செய்யாதவருக்கு அரசு வரிகளையும் விமான நிலையப் பயனர் மேம்பாட்டுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். ரத்துக் கட்டணமோ அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கூடுதல் கட்டணமும் சேர்ந்த தொகை வரை போகலாம். ஆகவே அடிப்படைக் கட்டணம், ஒய்க்யூ, ஒய்ஆர் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். அது எதில் குறைவோ அந்த டிக்கெட்டே நல்லது. வெளிநாட்டு நிறுவனமானால் அதன் நாட்டு விதியே செல்லும் என்பதால், ரத்து நிபந்தனையையும் படித்துவிடுங்கள்.

பேரன் டிக்கெட்டைத் தனியே கவனிக்க வேண்டும். பிரிட்டனிலிருந்து புறப்படுவோரிடம் மட்டும் வாங்கப்படும் பயணி வரி, இந்தியாவுக்குத் திரும்பும் தூரத்துக்கு, 2026 ஏப்ரல் முதல் சாதாரண வகுப்பில் 102 பவுண்டு, பிசினஸ் போன்ற மேல்வகுப்புகளில் 244 பவுண்டு. சாதாரண வகுப்பில் செல்லும் 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு இது கிடையாது. ஆனால் 12 வயது நிரம்பியவரைப் பெரியவராகவே நிறுவனங்கள் பதிவதால், இந்த விலக்கு விட்டுப்போவது உண்டு. பேரன் டிக்கெட்டில் இந்த வரிக்குரிய ஜிபி என்ற குறியீடு இருந்தால், பிறந்த தேதியைக் காட்டி நீக்கச் சொல்லுங்கள். பணம் கட்டிய பிறகும் நிறுவனத்திடம் திரும்பக் கேட்கலாம்.

இந்த வரிக்குத் தப்புவதற்காகப் பாரிஸ் சென்று அங்கிருந்து விமானம் ஏறும்படி சிலர் சொல்வார்கள். அதற்கு, பிரான்ஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தனியே எடுக்க வேண்டும். உங்களுக்கு அது வேண்டாத அலைச்சல்.

திருச்சி–சிங்கப்பூர், சிங்கப்பூர்–லண்டன் என்று தனித்தனி டிக்கெட்டுகளாகவும் வாங்காதீர்கள். ஒரே டிக்கெட்டில் இடைமாறும் பயணியிடம் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் வாங்குவது சிறு தொகை. அங்கிருந்தே புறப்படுபவராகக் கணக்கானால் அது பல மடங்காகும். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் பொறுப்பேற்பாரும் இல்லை.

பயனர் மேம்பாட்டுக் கட்டணம் நிலையத்துக்கு நிலையம் வேறுபடுவது உண்மைதான். அதற்காகச் சென்னை வரை போனால், கார் வாடகையும் இரவுத் தங்கலும் அந்த மிச்சத்தை விழுங்கிவிடும், திருச்சியிலிருந்தே புறப்படுங்கள்.