குணமான பிறகும் ‘டிபிக்காரப் பையன்’ என்கிறார்களா?

தங்கச்சி, உங்க தம்பி 6 மாத மாத்திரையை முடித்து, டாக்டரே குணமாகிவிட்டது என்று சொன்ன பிறகும் ரங்கூனில் உங்கள் தெருவில் ‘டிபிக்காரப் பையன்’ என்றே சொல்கிறார்கள், அதனால் கோயில் அன்னதானத்துக்கும் வர மறுக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கனத்துவிட்டது.

தெருவை விடுங்கள், முதலில் வீட்டுக்குள் பாருங்கள். பர்மாவில் மோல்மேன் ஊரில் என் அத்தை வீட்டில் டிபி வந்த மச்சானுக்கென்று ஒரு சில்வர் டம்ளரை ஒதுக்கி, அடியில் ஆணியால் பெருக்கல் குறி கீறி, தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அவர் குணமான பிறகும் அதை யாரும் எடுக்கவில்லை. ஊர் பேச்சைவிட அந்தக் கீறல்தான் அவரை வதைத்தது. டிபி, நோய் உள்ளவர் இருமும்போது காற்றில் பரவுவது. தட்டு, டம்ளரால் தொற்றாது. (இதை உங்கள் அம்மா, டாக்டரின் வாயாலேயே கேட்கட்டும், பிள்ளைகள் சொன்னால் எடுபடாது.)

அக்கம்பக்கத்தாரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். வந்தது, சரியாகிவிட்டது என்று சொல்வதா, பேச்சையே எடுக்காமல் இருப்பதா என்பதைத் தம்பியே முடிவு செய்யட்டும். அன்னதானத்துக்கும் இழுக்காதீர்கள். நெருங்கிய கூட்டாளி ஒருவனோடு டீக்கடைக்குப் போய் வரட்டும், அது போதும் இப்போதைக்கு.

இருமல் மறுபடி 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் உடனே பரிசோதனைக்குப் போக வேண்டும். இந்தப் பேச்சுக்குப் பயந்து அதை அவன் மறைத்துவிடுவானோ என்பதுதான் என் கவலை.