செல்லப்பிராணி கேள்வி பதில்: மல்லாந்து கிடக்கும் டரான்டுலா

கேள்வி: உயர்நிலை ஒன்றில் படிக்கும் மகன் டரான்டுலா சிலந்தி வேண்டுமென்று அடம்பிடிக்கிறான். வாங்கித் தரலாமா?
- ஒரு தாயார், ஈசூன்

பதில்: கூடாதம்மா. சிங்கப்பூரில் டரான்டுலா வளர்க்கச் சட்டம் இடம் தரவில்லை. யாராவது ரகசியமாக விற்றாலும் குஞ்சுகூட வாங்காதீர்கள்.

காலிச் சங்குக்குள் உடலை நுழைத்துக்கொண்டு நிலத்தில் வாழும் துறவி நண்டுக்கு (hermit crab) அனுமதி உண்டு. அதுவும் சிலந்தியைப் போலச் சட்டை உரித்து வளர்கிற பிராணிதான். மூடி போட்ட கண்ணாடித் தொட்டியில் ஐந்து பங்கு மணலும் ஒரு பங்கு தேங்காய் நார்த்தூளும் கலந்து, 15 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் நிரப்புங்கள். பிடித்தால் உருண்டை நிற்கவேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. இந்த நண்டு செவுளால் மூச்சுவிடுகிறது. ஏர்கான் அறையில் தொட்டியைத் திறந்துவைத்தால் செவுள் காய்ந்து, நாள்கணக்கில் திணறிச் சாகும். அதனால் உள்ளே ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கட்டும்.

பலரும் தவறுவது தண்ணீரில்தான். நம் குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோராமைன் என்ற கிருமிநாசினி. இரவு முழுக்க வாளியில் பிடித்துவைத்தாலும் போகாது. மீன் கடையில் விற்கும் நீக்கி மருந்தைச் சேருங்கள். ஒரு கிண்ணத்தில் நன்னீர், இன்னொன்றில் லிட்டருக்கு 35 கிராம் கடல்மீன் தொட்டி உப்புக் கரைத்த நீர். சமையல் உப்பு உதவாது. நண்டு வளரும்போது குடிபெயர, சாயம் பூசாத காலிச் சங்குகள் மூன்று நான்கு போடுங்கள்.

சட்டை உரிக்க மணலுக்குள் புதைந்து இரண்டு மாதம் வெளியே வராவிட்டாலும் தோண்டிப் பார்க்காதீர்கள். அழுகிய மீன் வாடை வந்தால் மட்டுமே கவலை.

கேள்வி: மான்செஸ்டரில் படிக்கும் தம்பி மெக்சிகோ செம்முழங்கால் டரான்டுலா வளர்க்கிறான். இன்று அது மல்லாந்து கிடக்கிறதாம். செத்துவிட்டதா?
- வாசகி, தெம்பனிஸ்

பதில்: சட்டை உரிக்கப் போகிறது. திருப்பிப் போடவேண்டாம் என்று உடனே சொல்லுங்கள்! டரான்டுலா கால்களை நீட்டுவது உடல் திரவத்தின் அழுத்தத்தால். உயிர் போனால் அழுத்தமும் போய், கால்கள் அடிவயிற்றின் கீழ் சுருண்டுகொள்ளும். மல்லாந்து, கால்கள் விரிந்திருந்தால் நல்ல செய்திதான்.

தொட்டியில் இரைப்பூச்சி இருந்தால் எடுத்துவிட வேண்டும். புதுத்தோல் மெத்தென்றிருக்கும்போது பூச்சியே சிலந்தியைக் கடித்துக் கொன்றுவிடும். தண்ணீர்க் கிண்ணம் நிறைந்திருக்கட்டும். உரித்து முடிக்கப் பல மணி நேரம் ஆகலாம், அதுவரை தொட்டியை அசைக்கக்கூடாது. முடிந்ததும் கோரைப்பற்கள் பால்வெள்ளையாகத் தெரியும். அவை கறுத்து இறுகும்வரை, வளர்ந்த சிலந்தி என்றால் சுமார் பத்து நாள், இரை வேண்டாம்.

இன்னொன்று. பெண் சிலந்தி 20 ஆண்டுக்கு மேலும் வாழும். படிப்பு முடிந்து வரும்போது தம்பி அதை இங்கே கொண்டுவர முடியாது. அங்கே யாரிடம் ஒப்படைப்பது என்று இப்போதே விசாரித்து வைக்கச் சொல்லுங்கள்.