மூதாதையரை அழைக்கும் வட்டத்தில் நமக்கும் இடம் உண்டா?

அன்புள்ள தம்பி,

உடன் பணிபுரியும் ஆங்கிலேயத் தோழி, அக்டோபர் 31 இரவு கிறித்தவத்துக்கு முந்தைய ஐரோப்பியத் தெய்வங்களை வழிபடும் தம் பேகன் குழு நடத்தும், இறந்தோரை நினைவுகூரும் சவின் (Samhain) வழிபாட்டுக்கு அழைத்திருப்பதாகவும், அவர் வீட்டுப் பீடத்தில் அயர்லாந்துத் தெய்வம் பிரிஜித்தும் வடஐரோப்பியத் தெய்வம் ஓடினும் நம் காளியும் அருகருகே இருக்கக் கண்டு திகைத்ததாகவும் எழுதியிருந்தீர்கள். இரத்த உறவில்லாதவர் அங்கே போகலாமா, இப்படிப் பல மரபுகளைக் கலப்பது தகுமா என்று கேட்கிறீர்கள்.

தாராளமாகப் போங்கள். பழைய கெல்டிக் பூசாரிகளின் வழியைப் பின்பற்றும் பிரிட்டனின் துரூயிட் வட்டங்களில் மூதாதையர் என்போர் இரத்தவழி முன்னோர் மட்டுமல்லர். நிற்கும் மண்ணில் முன்பு வாழ்ந்து மறைந்தோரையும், வழிபாட்டையும் கலையையும் கற்றுத் தந்தோரையும் சேர்த்தே அழைப்பது வழக்கம். நான் கலந்துகொண்ட ஒரு சவினில், காற்றில் அணையாதிருக்க ஜாம் புட்டிகளுக்குள் ஏற்றிய மெழுகுவத்திகளைச் சுற்றி நின்று, ஒவ்வொருவரும் இறந்துபோன தம்மவர் பெயரை உரக்கச் சொன்னார்கள். என் முறை வந்தபோது அப்பாயியின் பெயரைச் சொன்னேன். உச்சரிப்பைக் கவனமாகக் கேட்டுக்கொண்டு எல்லோரும் அதைத் திருப்பிச் சொன்னார்கள். ஆடி அமாவாசைக்குப் படையலிட்டுக் காக்கையை அழைத்து வளர்ந்த எனக்கு அதில் அந்நியமாக எதுவும் தோன்றவில்லை.

கலப்பைக் குறையாகச் சொல்வதற்கில்லை, ஏனெனில் இந்த வழிபாடே கலப்பில் பிறந்தது. அயர்லாந்து, ஸ்காட்லாந்துக் கேலிக் மக்களின் பருவத் திருநாட்களையும் சூரியனின் திருப்ப நாட்களையும் சம இரவு நாட்களையும் ஒன்றாக்கிய எட்டு விழாச் சக்கரம் 1950களில்தான் உருப்பெற்றது. நவீன பேகன் மரபுகளில் ஒன்றான விக்காவை உலகறியச் செய்த ஜெரால்ட் கார்ட்னர், 1900இல் இலங்கை சென்று தேயிலைத் தோட்டங்களில் பணியாற்றி, பின்பு மலாயாவில் ரப்பர் தோட்டத்திலும் சுங்கத் துறையிலும் இருந்து, 1936இல் ஓய்வுபெற்றவர். ஃபிரீமேசன் என்ற சகோதரச் சங்கத்தின் சடங்குமுறையும் மறைஞான எழுத்தாளர் அலிஸ்டர் குரோலியின் எழுத்தும் அவர் வகுத்த வழிபாட்டில் கலந்திருக்கின்றன. மலையகத் தமிழர் உழைத்த தோட்டங்கள் வழியாக இந்த மரபின் வரலாறு செல்வது எனக்கு இன்றும் வியப்புதான்.

என் கவலையெல்லாம் காளியைப் பற்றியது. ஓடின் வழிபாடு கிறித்தவத்துக்குப் பின் அறுந்துபோய்ப் பழைய ஏடுகளிலிருந்து மீட்கப்பட்டது. ஆகவே இடைவெளிகளை இன்றைய அடியார்கள் தாமாகத்தான் நிரப்பியாக வேண்டும். காப்புக் கட்டிக் கூழ் வார்த்துக் காளியைக் கொண்டாடும் மக்களோ இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேளாமல், அவளைக் கோபத்தின் சின்னமாக மட்டும் எடுத்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியாது. உங்கள் ஊர்க் கோயிலில் நடப்பதைத் தோழியிடம் சொல்லிப் பாருங்கள். ஆர்வத்தோடு கேட்பவராயின் அவர் பீடத்தில் காளி இருப்பதில் எனக்கு வருத்தமில்லை.

ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள். ஓடினை வழிபடுவோரில் வடஐரோப்பிய இரத்தம் வேண்டுமென்று நிபந்தனை விதிக்கும் சிறு பிரிவினர் உண்டு. 1972இல் தொடங்கி மறு ஆண்டே அரசு அங்கீகாரம் பெற்ற ஐஸ்லாந்தின் ஆசாத்ரூ (ஓடின் முதலிய பழைய தெய்வங்களின் வழிபாடு) சங்கம் வம்சாவளி கேட்பதில்லை. 2016இல் பல நாட்டுக் குழுக்கள் பிரகடனம் 127 என்ற கூட்டறிக்கையில் ஒப்பமிட்டு அத்தகைய இனப் பாகுபாட்டோடு உறவில்லை என்று அறிவித்தன. எங்கேனும் உங்கள் பூர்விகத்தை விசாரித்தால் அந்த இடத்தை விட்டு உடனே வந்துவிடுங்கள்.

வழிபாடு பெரும்பாலும் திறந்த வெளியில் நடக்கும் என்பதால் கனத்த கோட்டும் டார்ச்சும் அவசியம். கொம்பில் சுற்றி வரும் தேன்மது வேண்டாமென்றால், பருகாமல் அடுத்தவரிடம் கொடுக்கலாம். யாரும் தவறாக எண்ணமாட்டார்கள்.