டீச்சரைக் கேளுங்கள்: இந்த லீவுக்கு ஒரே ஒரு வகுப்பு

கேள்வி: மகள் ஆறாம் வகுப்பு முடித்திருக்கிறாள். போன லீவில் அபாகஸ், அதற்கு முந்தின லீவில் இந்தி. இந்த முறை படிப்போடு ஒட்டாத, அவள் சந்தோஷமாகப் போய்வருகிற வகுப்பு ஒன்றில் சேர்க்க ஆசை. டான்ஸ், கீபோர்டு, சிலம்பம், ஓவியம் என்று தெருவெல்லாம் நோட்டீஸ். எதைத் தேர்ந்தெடுப்பது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: நோட்டீஸை ஓரமாக வைத்துவிட்டு ஒரு வாரம் மகளைக் கவனியுங்கள் அம்மா. யாரும் எதுவும் சொல்லாதபோது அவள் கை எதைத் தேடிப் போகிறது என்று பாருங்கள்.

என் மகன் விஷயத்தில் நான் அதைச் செய்யவில்லை. எனக்கு மிருதங்கம் பிடிக்கும் என்பதற்காகப் பத்து வயதில் அவனைக் கொண்டுபோய் உட்காரவைத்தேன். ஒரு மாதப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். நாலாம் நாள் வயிற்றுவலி என்றான். ஐந்தாம் நாளும் வயிற்றுவலி. பணம் திரும்பி வரவில்லை. ஒட்டடைக் கம்பைச் சுழற்றி எங்கள் வீட்டு ட்யூப்லைட்டை உடைத்து, அதற்காக என்னிடம் அடியும் வாங்கியவன் அவன். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அடுத்த வருடம் சிலம்பத்தில் சேர்த்தேன். போனவுடன் கம்பு கிடைக்கும் என்று ஓடினான். ஆசான் கொடுக்கவில்லை. ஒரு வாரம் முழுக்கக் காலடிதான். மண் தரையில் முன்னே ஒரு அடி, திரும்பி ஒரு அடி. அப்புறம்தான் கம்பு. ஊன்றி நிறுத்தினால் அவன் நெற்றி உயரத்துக்கு இருந்தது. கணுக்காலிலும் முழங்கையிலும் தானே அடித்துக்கொண்டு வருவான், இரவில் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவேன். ஒருநாள் சாயங்காலம் சுழற்சி வேகம் பிடித்து, விர்ரென்று காற்றில் சத்தம் கேட்டது. அன்றைக்கு எண்ணெய் வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

பணம் கட்டும் முன் ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். தப்பாகச் செய்கிற பிள்ளையிடம் வாத்தியார் எப்படிப் பேசுகிறார் என்பதை மட்டும் கவனித்தால் போதும். திண்டுக்கல் மாவட்டத் தலைநகர்தானே? விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்ட மைதானங்களில் கோடைப் பயிற்சி முகாம் நடத்துகிறது, 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குப் பாட்டு, பரதம், ஓவியம் சொல்லித்தர ஜவகர் சிறுவர் மன்றங்கள் இருக்கின்றன. இரண்டையும் விசாரித்துவிட்டுத் தனியார் வகுப்புக்குப் போங்கள். ஒன்றே ஒன்றில் சேருங்கள், மிச்ச நேரம் அவளுடையது. சொந்தக்காரர்கள் வந்தால் "எங்கே, செஞ்சு காட்டு" என்று தயவுசெய்து நிற்கவைக்காதீர்கள்.

கேள்வி: எட்டு வயது மகனுக்குத் தண்ணீர் என்றாலே பயம். நீச்சலில் சேர்த்தால் பயம் போகுமா?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: போகும், தள்ளிவிடாமல் இருந்தால். எங்கள் ஊரில் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்குவார்கள். நான் மூன்று நாள் கடைசிப் படியில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்தேன். சித்தப்பா தண்ணீரில் நின்றபடி ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாரே தவிர, ஒரு தடவைகூட "வா" என்று கூப்பிடவில்லை. நாலாம் நாள் நானே இறங்கினேன். இடுப்பளவுத் தண்ணீரில் தொடங்குகிற, பொறுமையான பயிற்சியாளராகத் தேடுங்கள். நீச்சல் உயிர் காக்கிற வித்தை, இந்த வருடம் முடியாவிட்டால் அடுத்த வருடமாவது கற்றுக்கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: மகளை மண்பாண்ட வகுப்பில் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் வாசலில் காத்திருக்கிறேன். எனக்கும் ஆசையாக இருக்கிறது. 41 வயதில் சேர்ந்தால் சிரிப்பார்களா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: நாளைக்கே சேருங்கள். நான் ஓய்வு பெற்ற வருடம் சேர்ந்தேன். சுழலும் சக்கரத்தில் மண்ணை நடுவில் நிறுத்தவே எனக்கு எட்டு நாள் ஆனது. பக்கத்தில் இருந்த ஒன்பது வயதுப் பெண்தான், "பாட்டி, கையை அசைக்காம வைங்க, மண்ணு தானா வரும்" என்று சொல்லிக்கொடுத்தாள். அப்படித்தான் வந்தது. நான் செய்த முதல் அகலில் கார்த்திகைக்கு விளக்கேற்றினேன். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு, பழைய சுடிதாராகப் போட்டுக்கொண்டு போங்கள்.