குழந்தைகளின் உடல் பருமனுக்கும் பல் சொத்தைக்கும் தொடர்பு உண்டா?

இதே கேள்வியை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பல் மருத்துவரிடம் நானும் கேட்டேன். அப்போது என் மகனுக்கு எட்டு வயது. எடை 38 கிலோ. குளிர்ந்த தண்ணீர் பட்டால் கீழ்க் கடைவாய்ப் பல் கூசுகிறது என்று அவன் சொன்னபோது, விழுந்து முளைக்கப்போகிற பால் பல்தானே என்று சில வாரங்கள் விட்டுவிட்டோம். உண்மையில் அது ஆறு வயதையொட்டி முளைக்கும் நிரந்தரப் பல். எந்தப் பால் பல்லும் விழாமலே வரிசையின் கடைசியில் முளைத்துவிடுவதால் பெரும்பாலான வீடுகளில் அதைக் கவனிப்பதில்லை என்று மருத்துவர் சொன்னார்.

பல்லைப் பார்த்து முடித்ததும், பள்ளி விட்டு வந்தது முதல் படுக்கும் வரை பையன் என்னென்ன சாப்பிடுகிறான் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னார். வேனிலிருந்து இறங்கியதும் இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட மால்ட் பானம், கூடவே கிரீம் பிஸ்கட். டியூஷனுக்குப் போகும்போது பாக்கெட் ஜூஸ். திரும்பி வந்ததும் சிப்ஸ். தூங்கும் முன் மறுபடியும் சர்க்கரைப் பால். சொல்லிக்கொண்டு வரும்போதே எனக்குப் பதில் புரிந்துவிட்டது.

உடலில் சேரும் கொழுப்பு நேரடியாகப் பல்லை அரிப்பதில்லை. வாயிலுள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. இனிப்பு சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே பல்லின் மேல் படிந்திருக்கும் படலத்தின் பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 5.5-க்குக் கீழே இறங்கி, எனாமல் என்னும் பல்லின் கடினமான மேலுறையிலுள்ள தாதுக்கள் கரையத் தொடங்குகின்றன. உமிழ்நீர் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை தேவைப்படுகிறது. அதற்குள் அடுத்த பிஸ்கட் வாய்க்குள் போய்விட்டால் பல்லுக்கு மீளவே நேரம் கிடைப்பதில்லை. ஆகவே எவ்வளவு சர்க்கரை என்பதோடு எத்தனை தடவை என்பதும் பல்லுக்கு முக்கியம்; எடைக்கோ மொத்தக் கணக்குதான். எங்கள் வீட்டு மாலைப்பொழுது இரண்டையும் ஒருசேரக் கெடுத்துக்கொண்டிருந்தது.

பருமனான குழந்தைகளுக்கெல்லாம் சொத்தை வரும் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. இது பற்றிய ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. சிலவற்றில் எடை கூடிய குழந்தைகளுக்கும், வேறு சிலவற்றில் எடை குறைந்த குழந்தைகளுக்கும் சொத்தை அதிகமாக இருந்திருக்கிறது. பல்வலியால் மெல்ல முடியாத குழந்தை சரியாகச் சாப்பிடாமல் இளைப்பதும் உண்டு. ஒல்லியான பிள்ளைதானே என்று யாரும் நிம்மதியாக இருந்துவிடக்கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இரண்டுக்கும் பொதுவான வேர் சர்க்கரைதான் என்று நான் நம்புவதற்குப் பிரிட்டன் ஒரு காரணம். அங்கே 2018 ஏப்ரலில், 100 மில்லிக்கு 5 கிராமும் அதற்கு மேலும் சர்க்கரை உள்ள குளிர்பானங்களுக்குத் தனி வரி விதிக்கப்பட்டது. நிறுவனங்கள் பலவும் சர்க்கரையைக் குறைத்தன. பின்னர் இங்கிலாந்தில் நடந்த ஆய்வுகளில், சொத்தைப் பல்லைப் பிடுங்குவதற்காகக் குழந்தைகள் மருத்துவமனையில் சேர்வது, வரி இல்லாதிருந்தால் எதிர்பார்த்திருக்கக்கூடிய அளவைவிட 12 சதவீதமும், 10–11 வயதுச் சிறுமிகளிடையே உடல் பருமன் 8 சதவீதமும் குறைந்திருந்தன. அதே வயதுச் சிறுவர்களின் எடையில் அந்த மாற்றம் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சேர்க்கப்படும் சர்க்கரை அன்றாட ஆற்றலில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டுப் பரிந்துரை. எட்டு வயதுக் குழந்தைக்கு அந்த மேல்வரம்பு ஏறக்குறைய 40 கிராம். 300 மில்லி கோலாவிலேயே 30 கிராமுக்கு மேல் போய்விடுகிறது.

நாங்கள் முதலில் நிறுத்தியது படுக்கைநேரச் சர்க்கரைப் பால். தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடுவதால் அந்த இனிப்பு இரவு முழுவதும் பல்லில் தங்கிவிடும். பேரன் வாடிவிடுவான் என்று என் அம்மா வருந்தினார். பாலை இரவுச் சாப்பாட்டோடு சர்க்கரையில்லாமல் கொடுத்துவிட்டு, பல் துலக்கியபின் தண்ணீர் மட்டும் என்று பழக்க ஏறத்தாழ ஒரு மாதம் பிடித்தது. கூசிய பல்லை அடைத்த மருத்துவர், இன்னும் கெடாமலிருந்த மற்ற மூன்று கடைவாய்ப் பற்களின் பள்ளங்களையும் சீலன்ட் என்னும் பாதுகாப்புப் பூச்சு பூசி மூடினார். உங்கள் குழந்தைக்கு ஆறு, ஏழு வயது என்றால் அதைப் பற்றி இப்போதே கேட்டுவிடுங்கள்.